இரண்டரை ஏக்கரில் தற்சார்பு: முதலில் போர்வெல்லா, மாடா, நெல்லா?

கேள்வி: ஐயா, வணக்கம். நானும் மனைவியும் சென்னையில் வேலை பார்க்கிறோம். இரண்டு பிள்ளைகள். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் இரண்டரை ஏக்கர் செம்மண் நிலம் வாங்கியிருக்கிறோம். பழைய கிணறும் 5 எச்.பி மோட்டாரும் இருக்கின்றன. கோடையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் நிற்கும் என்கிறார்கள். வரும் மே மாதம் இருவரும் வேலையை விட்டுவிட்டு அங்கேயே குடியேறி, அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காய்கறி எல்லாவற்றையும் நிலத்திலேயே எடுக்க ஆசை. உடனே ஒரு போர் போட்டு, இரண்டு நாட்டு மாடு வாங்கலாமா? இந்த நிலம் போதுமா?

பதில்: நிலம் தாராளமாகப் போதும், தம்பி. அந்த இரண்டு மணி நேரத் தண்ணீரும் போதும், கோடையில் நெல் போடாமல் இருந்தால். போரும் மாடும் இப்போது வேண்டாம்.

கணக்கை அடுப்படியில் தொடங்குங்கள். நான்கு பேருக்கு மாதம் 30 கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 360 கிலோ. நெல்லாக 550 கிலோ. விதையையும் சேர்த்து 75 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை. தூயமல்லி, கிச்சிலிச் சம்பா போன்ற ரகங்கள் ஏக்கருக்கு 16 மூட்டைக்குக் குறையாமல் தரும். ஆக, 50 சென்ட் போதும். அதை ஆவணியில் நாற்று விட்டுச் சம்பாவாக மட்டும் எடுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு பெய்யும், வடகிழக்கும் பெய்யும். அந்த மழையோடு போனால் கிணறு துணைக்கு நின்றால் போதும்.

கோடை நெல்லுக்கு ஏன் தடை சொல்கிறேன் என்றால், 50 சென்ட் வயலுக்கு வெயில் நாளில் தினமும் 20,000 லிட்டர் வரை வேண்டியிருக்கும். அதே வெயிலில், சொட்டுநீரில் 10 சென்ட் காய்கறிக்கு 2,000 லிட்டர், 15 சென்ட் தீவனப் புல்லுக்கு மூவாயிரத்துச் சொச்சம், ஐந்து தென்னைக்கு 400, வீட்டுக்கும் மாட்டுக்கும் 600. எல்லாம் சேர்ந்து 7,000 லிட்டரைத் தாண்டாது. உங்கள் மோட்டார் மணிக்கு 15,000 லிட்டர் இறைத்தால்கூட அரை மணி நேர வேலை. 200 லிட்டர் டிரம்மை வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 48 விநாடி என்றால் மணிக்கு 15,000 லிட்டர். சித்திரையில் அளந்தால்தான் அது உண்மையான கணக்கு. ஐப்பசியில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும்.

போருக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் கிணற்றைத் தூர் வாருங்கள். கிணற்றுக்கு மேட்டுப் பக்கம், மேலே 10 மீட்டர் சதுரமும் 2 மீட்டர் ஆழமும் இருக்கும்படி ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். சரிவு போக ஒன்றேகால் லட்சம் லிட்டர் பிடிக்கும். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது 4 லட்சம் லிட்டர். வரப்பை உயர்த்தி, கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் அதில் பெரும்பகுதி உங்கள் மண்ணுக்குள்ளேயே இறங்கும். இத்தனையும் செய்து ஒரு கோடையைப் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் போரைப் பற்றிப் பேசலாம். சிறு, குறு விவசாயி சான்று வாங்கிவிட்டால் சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் முழு மானியம் உண்டு. பட்டா உங்கள் பெயருக்கு மாறியதும் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

எண்ணெய்க்கு உங்கள் பக்கம் மல்லாட்டையை (நிலக்கடலையை) விட நல்ல பயிர் கிடையாது. மாதம் 3 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 90 கிலோ மல்லாட்டைப் பருப்பைச் செக்குக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். சட்னி, விதை எல்லாம் சேர்த்து 200 கிலோவுக்கு மேல் காய் வேண்டும். மானாவாரியில் 40 சென்ட் போடுங்கள். ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை விதைத்தால் பருப்பும் அங்கேயே வந்துவிடும். 40, 45 நாளில் மண் அணைக்கும்போது அந்த 40 சென்டுக்கு 65 கிலோ ஜிப்சம் போட மறக்காதீர்கள், காய் திரட்சியாக வரும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் போடாமல் கேழ்வரகோ சாமையோ விதைத்து இடம் மாற்றுங்கள். கொடியும் பிண்ணாக்கும் மாட்டுக்கு ஆகும்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். மே மாதம் மாடு வாங்கினால் முதல் நாளிலிருந்தே வைக்கோலை விலைக்கு வாங்க வேண்டும். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 15 முதல் 20 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ உலர்தீவனமும் தேவை. முதலில் 15 சென்டில் கோ-5 என்ற தீவனப் புல்லின் கரணை ஊன்றுங்கள். வேலியோரம் அகத்தியும் கிளுவையும் வையுங்கள். மல்லாட்டைக் கொடியும் வைக்கோலும் உங்கள் வைக்கோற்போரில் ஏறிய பிறகு, தை மாதத்துக்கு மேல் ஒரே ஒரு மாடு வாங்குங்கள். சந்தையில் வேண்டாம். பக்கத்து ஊரில், கறந்து காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். நாட்டு மாடு நாளுக்கு 2, 3 லிட்டர்தான் கறக்கும், சில மாதம் வற்றியும் நிற்கும். அந்த மாதங்களில் ஊரில் பால் வாங்குவதால் உங்கள் தற்சார்பு ஒன்றும் குறைந்துவிடாது. அதுவரை பத்து சிறுவிடை நாட்டுக் கோழிகள் போதும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போடுங்கள், இரவில் மரநாய் நுழையாத கூண்டில் அடையுங்கள்.

எனக்கு உண்மையில் கவலையாக இருப்பது இருவரும் ஒரே நாளில் வேலையை விடுவது. உப்பு, பள்ளிக் கட்டணம், மருத்துவம், பெட்ரோல் எதுவும் நிலத்தில் விளையாது. முதல் இரண்டு ஆண்டு நில வருமானத்தைப் பூஜ்ஜியம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதனால் ஒருவர் மட்டும் முதலில் போங்கள், மற்றவர் சம்பளம் வரட்டும். யார் போவது என்பதை மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகளைப் பார்ப்பது, சமையல், மாட்டு வேலை மூன்றும் மனைவி தலையில் விழுந்து, பல குடும்பங்கள் அந்த இடத்தில்தான் உடைந்து நகரத்துக்குத் திரும்பியிருக்கின்றன.

இப்போதைக்கு மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் மழைக்குப் பலதானிய விதைப்பு (பல வகை விதைகளைக் கலந்து விதைப்பது) செய்து, பூக்கும் நேரத்தில் மண்ணுக்கு உரமாக மடக்கி உழுங்கள். மல்லாட்டை போடப்போகும் 40 சென்டை மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே ஆடிக்குள் விதைக்க வேண்டும். சித்திரையில் டிரம் நிரம்பிய விநாடிக் கணக்கையும், மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை தென்னை, எத்தனை பழமரம் தாங்கும் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.