மணிச் சத்தம் எட்டுகிற தூரம்

ஐயா, வணக்கம். காசிமேட்டில் பதினொன்றாவது படிக்கும் ஒரு பையன், அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற காவல் சம்மனசு (தேவதூதர்) என்று எட்டு எபிசோடில் ஒரு தொடர் எழுதியிருக்கிறேன். சுருக்கம் இணைத்துள்ளேன். இறக்கையை நிஜமாகச் செய்வதா, கிராஃபிக்ஸில் போடுவதா? வட சென்னையில் ஃபேன்டஸி எடுபடாது, ஊட்டி கான்வென்டுக்கு மாற்று என்கிறார்கள் நண்பர்கள். மாற்றட்டுமா?
– ர., ராயபுரம்

அன்புள்ள தம்பி,

மாற்றாதீர்கள். ராயபுரத்துப் பிள்ளைக்கு இதைக் கேட்க எப்படி மனசு வந்தது? தெருவுக்குத் தெரு மாதா கெபியும் அம்மன் கோயிலும் இருக்கிற ஊரில், காவலுக்கு ஒருவர் கூடவே வருகிறார் என்றால் யார் நம்ப மாட்டார்கள்? நண்பர்களை விடுங்கள்.

இறக்கையும் வேண்டாம். அதை மாட்டிக்கொண்டு நடிகர் ஆட்டோவில் ஏற முடியாது, சந்தில் திரும்ப முடியாது, கடல்காற்று ஏறினால் நிற்கவும் முடியாது. வெள்ளைச் சட்டை போதும். அதையும் டீத்தண்ணீரில் முக்கிக் காயவையுங்கள். பளீர் வெள்ளை மே மாத வெயிலில் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் வெளிச்சமாகத்தான் பதியும்.

இந்த வகைக் கதைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எனக்கு ஒரு ஆதங்கம். உங்கள் சுருக்கத்திலும் அதே கோளாறு. முதல் எபிசோடில் சம்மனசு லாரியை நிறுத்துகிறார், இரண்டாவதில் அடிதடியிலிருந்து மீட்கிறார், மூன்றாவதில் பரீட்சைக் கேள்வியையே சொல்லிவிடுகிறார். இத்தனையும் முடிந்தவர் அப்பாவின் வட்டிக் கடனை ஏன் தீர்க்கவில்லை? நாலாவது எபிசோடில் பார்ப்பவர் கேட்பார். அதற்குச் சமாதானம் சொல்லியே மிச்சத் தொடரும் தீர்ந்துபோகும். சோம்பல், தம்பி. அவருக்கு என்ன முடியாது என்பதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ‘மேலிடத்து உத்தரவு’ என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. பார்ப்பவர் தானே கணக்குப் போட்டுப் பிடிக்கும்படி, அந்தத் தடை ஊரிலிருந்து வர வேண்டும்.

மூவேளை செபத்துக்குக் காலை 6, பகல் 12, மாலை 6 மணிக்குக் கோயில் மணி அடிப்பது வழக்கம். வானதூதர் மரியாளிடம் சேதி சொன்னதை நினைத்து அடிக்கிற மணி அது. ராயபுரத்து ராயப்பர் (புனித பேதுரு) கோயில் மணிச் சத்தம் எங்கே வரை எட்டியதோ, அடுத்த மணி வரை சம்மனசுக்கு அதுதான் எல்லை என்று வையுங்கள். காற்றோடு போகிற சத்தம் தூரம் போகும், எதிர்க்காற்றில் சீக்கிரம் அடங்கும். கோடையில் விடியற்காலைக் காற்று கரையிலிருந்து கடலுக்கு. காலை மணி படகுக்குக் கேட்கும், பழைய வண்ணாரப்பேட்டைக்குக் கேட்காது. கடல்காற்று ஏறியதும் இது தலைகீழாகும். மேல்காற்று பலத்த நாளில் கடல்காற்று தாமதமாகும். ஊரே வேகும், பகல் மணியும் கடல் பக்கமே போய்விடும். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தால் எல்லை இன்னும் சுருங்கும்.

கதையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். விசைப்படகு கரையில், அப்பா வீட்டில், கையில் காசில்லை. பையனுக்கு லீவு. தடைக்குள் வராத ஃபைபர் படகில் கூட மாட ஒத்தாசைக்குப் போனால் காலையில் காவல் உண்டு, கூலி குறைவு. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைக்குப் போனால் கூலி உண்டு, மத்தியானம் வரை காவல் இல்லை. கடனுக்காக அவன் எதை எடுப்பான்? எட்டு எபிசோடும் இதிலேயே கிடக்கிறது.

அவர் மறைகிற ஷாட்டுக்குப் பெரிய செலவில்லை. கேமராவை ஸ்டாண்டில் வைத்து எக்ஸ்போஷர், ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டுங்கள். நடிகரோடு ஒரு தடவை, எதையும் தொடாமல் நடிகர் இல்லாமல் ஒரு தடவை எடுங்கள். எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டினால் அவர் மறைந்துவிடுவார். படகுத்துறையில் மட்டும் இது வேண்டாம். தண்ணீரும் படகும் ஆடுவதால் இரண்டு ஷாட்டும் ஒட்டாது, சேர்கிற இடம் துடிக்கும். சுவர் பின்னணியாக இருக்கும் சந்தில், வெயில் விழாத நேரத்தில் எடுங்கள்.

வசனத்தை டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். மணியை மட்டும் மைக்குக்குக் காற்று உறை போட்டு, கோயிலடி, துறைமுகம், எம்.சி. ரோடு என்று மூன்று இடத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். அவர் வருகிற காட்சி ஒவ்வொன்றும் அந்தந்த இடத்து மணியோடு தொடங்கட்டும், விதியை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். முதல் எபிசோடில் சம்மனசு தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்கிற அந்த நீளப் பேச்சை வெட்டிவிட்டு, மூன்றாவதைத் திரும்ப எழுதி அனுப்புங்கள். படிக்கிறேன்.