கேளுங்க சொல்றேன்: ராணி பாக் பெங்குயின் கதை

கேள்வி: மும்பை பைகுல்லா ஜூல பெங்குயின் வச்சிருக்காங்களே, பனில வாழற பறவைய இந்த வெக்கைல கொண்டாந்து அடைக்கறது பாவம் இல்லையா? (செம்பூர் வாசகி)

பதில்: பாவமா இல்லையான்னு அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல இந்த பனி மேட்டர முடிச்சிடுவோம். ராணி பாக்ல, அதான் நீங்க சொல்ற பைகுல்லா ஜூல, இருக்கறது ஹம்போல்ட் பெங்குயின். அதுங்க சொந்த ஊரு பெரு, சிலி கடற்கரை, அங்க பனியுமில்ல ஒண்ணுமில்ல, கரைய ஒட்டி பாலைவனமே இருக்கு, தெக்குலேர்ந்து வர்ற நீரோட்டத்தால கடல் தண்ணி மட்டும் ஜில்லுனு இருக்கும், பறவை எச்சம் வருஷக்கணக்கா குவிஞ்சு இறுகிப்போன மேட்டுல குழி பறிச்சு முட்டை போடும். பைகுல்லால ஏசி போட்டு 16-18 டிகிரில வச்சிருக்காங்க, தண்ணியையும் குளிர வச்சு ஃபில்டர் பண்றாங்க. அதனால வெயில் அதுங்களுக்கு பெரிய வில்லன் இல்ல. நிஜ வில்லன் வேற: மூடின இடத்துல காத்து சுத்தமா இல்லேன்னா பூஞ்சை போய் நுரையீரல்ல உக்காந்துக்கும். சரி வெளில விடலாம்னா கொசு கடிச்சு பறவை மலேரியா வரும், 2012ல லண்டன் ஜூல 6 ஹம்போல்ட் அப்படித்தான் செத்துப்போச்சு.

கேள்வி: வந்த கொஞ்ச நாள்லயே ஒண்ணு செத்து பெரிய கலாட்டா ஆச்சே, என்னதான் நடந்துச்சு? (தாராவி வாசகர்)

பதில்: 2016 ஜூலை கடைசில தென்கொரியா சியோல்லேர்ந்து 8 பெங்குயின் வந்து இறங்குச்சு. சிவசேனா தலைவர் உத்தவ் தாக்கரேயோட மகன் ஆதித்ய தாக்கரே ஆசைப்பட்ட திட்டம்னு ஊருக்கே தெரியும், மாநகராட்சியும் அப்ப சிவசேனா கைல. வந்ததுங்கள தனியா ஒரு இடத்துல வச்சு பாத்துக்கிட்டிருந்தாங்க, ஏன்னா நிரந்தர வீடு அப்ப ரெடியே ஆகல. அக்டோபர்ல டோரின்னு ஒரு பொண்ணு பெங்குயின், ஒண்ணரை வயசு இருக்கும், சாப்பிடாம சோர்ந்து கிடந்து 23ம் தேதி செத்துப்போச்சு, பாக்டீரியா தொற்றுன்னாங்க. அவ்வளவுதான், எதிர்க்கட்சி ஒரு பக்கம், விலங்கு நல அமைப்புங்க ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டாங்க, பாம்பே ஐகோர்ட்ல பொதுநல வழக்கு வரைக்கும் போச்சு. ஜனங்க பாக்கற மாதிரி வீட்டை திறந்தது 2017 மார்ச்ல.

தொத்து எந்த ஜூலயும் வரலாம், அதுக்காக மட்டும் நான் யாரையும் திட்ட மாட்டேன். ஆனா வீடு முடியாம விருந்தாளிய ஏன் வரவழைச்சீங்கன்னு அன்னைக்கும் கேட்டேன், இன்னைக்கும் கேக்கறேன். பறவைக்கு ஒரு அவசரமும் கிடையாது, அவசரம் எல்லாம் மனுஷனுக்குத்தான்.

வீட்டை திறந்த அடுத்த வருஷமே இன்னொரு அடி. 2018 ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஃப்ளிப்பர், மிஸ்டர் மோல்ட்ங்கற பெங்குயின் ஜோடிக்கு ஒரு குஞ்சு பொரிச்சுது, இந்தியாலயே பொறந்த முதல் பெங்குயின், சுதந்திர தினம் வேறயா, ஃப்ரீடம்னு பேரு வச்சு ஒரே கொண்டாட்டம், ஒரு வாரம்தான் இருந்துச்சு. முட்டைக்குள்ள இருந்த மஞ்சக்கரு பை உடம்புல கரைஞ்சு போயிருக்கணும், அது கரையாம தங்கிடுச்சு, கல்லீரலும் சரியா வேலை செய்யல. 2021லதான் ஓரியோ, ஆஸ்கர்னு குஞ்சுங்க பொறந்து தங்குச்சு, இப்ப எண்ணிக்கை இருபதுக்கு பக்கம். அதே 2021ல பராமரிப்புக்கு 3 வருஷத்துக்கு சுமார் 15 கோடி டெண்டர்னு திரும்ப ரகளை, அது தனிக்கதை.

கேள்வி: இதெல்லாம் நம்ம ஊர்லதான் சார் நடக்கும், வெளிநாட்டுல எவ்வளவு நீட்டா பண்றாங்க! (வாஷி வாசகர்)

பதில்: அப்படியா? லண்டன் ஜூல 1934ல லுபெட்கின்ங்கற கட்டடக்கலைஞர் ஒரு பெங்குயின் குளம் கட்டினார், வெள்ளை கான்கிரீட்ல ரெண்டு சாய்வு பாதை, ஒண்ணையொண்ணு சுத்தி அந்தரத்துல இறங்கி வரும், பாத்தா கண்ணை எடுக்க முடியாது. உலகமே கொண்டாடுச்சு. பெங்குயின் மட்டும் கொண்டாடல. 80கள்ல ரிப்பேர் பண்றேன்னு தரைய மாத்தினாங்க, அந்த சொரசொரப்புல உள்ளங்கால் பொடிப்பொடியா கீறி, கீறல் வழியா கிருமி ஏறி, கால் வீங்கி புண்ணாகற வியாதி வந்துச்சு. 2004ல எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. பாரம்பரிய கட்டடம்னு பட்டியல்ல இருக்கறதால இடிக்கவும் முடியாது, சும்மா நிக்குது. 2019ல லுபெட்கினோட மகளே, அதை வெடி வச்சு தகர்த்துடலாம்னு சொல்லிட்டாங்க. 2011ல வந்த புது இடத்துல மணல் கரையும் பெரிய குளமும் இருக்கு, போட்டோவுக்கு பழசு அளவுக்கு அழகா இருக்காது, பறவைக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்வி: ராணி பாக் டிக்கெட்ட ஏத்தினது பெங்குயினாலதானே? (பெயர் வேண்டாம்)

பதில்: ஆமா. 5 ரூபா 50 ஆச்சு, 2017 ஆகஸ்ட்லேர்ந்து. அப்பா அம்மா ரெண்டு பிள்ளைங்கன்னா 100. 5 ரூபாய்க்கு பகல் பூரா மரத்தடில படுத்திருந்த ஜனங்களுக்கு கோவம் வரத்தானே செய்யும்.

கேள்வி: குஞ்சுங்களுக்கு மராத்தி பேர்தான் வைக்கணும்னு 2025ல போராட்டம் பண்ணாங்களே, நீங்க எந்த பக்கம்? (டோம்பிவிலி வாசகர்)

பதில்: மீன் பக்கம்.

கேள்வி: செத்த மீனைத்தானே போடறாங்க, அதுல சத்து இருக்குமா? (கல்லூரி மாணவி, மாட்டுங்கா)

பதில்: நல்ல கேள்விம்மா. ஃப்ரீசர்ல வச்ச மீன்ல பி1 வைட்டமின் குறைஞ்சு போகும், அது இல்லேன்னா பறவைக்கு நரம்பு கோளாறு வந்துடும். அதனால ஜூங்கள்ல மாத்திரைய மீனோட செவுளுக்குள்ள சொருகி, கையாலயே ஒவ்வொண்ணுக்கா குடுப்பாங்க, அதுவும் மீன் தலை முதல்ல உள்ள போற மாதிரி, வாலை முதல்ல குடுத்தா செதிலும் துடுப்பும் தொண்டைல மாட்டும். யாரு எத்தனை சாப்பிட்டான்னு எழுதி வச்சுக்குவாங்க. ஒருத்தன் திடீர்னு மீனை வேணாம்னா முதல் சந்தேகம் வியாதி. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை மொத்த இறகும் கொட்டி புதுசா முளைக்கும், அந்த ரெண்டு மூணு வாரம் சாப்பாட்டு பக்கமே வராது, அதுக்கு முன்னாடியே வயிறு முட்ட தின்னு ரெடியா இருப்பான், அப்ப போய் பாத்தீங்கன்னா பிஞ்சுபோன தலகாணி மாதிரி ஒரு மூலைல நிப்பான், பட்டினி போடறாங்கன்னு வீடியோ எடுத்து போட்டுடாதீங்க.