பதினோராவது இடம் – கடிதம்

அன்புள்ள சார்,

நலமா? நான் சிகாகோ பக்கம் இருக்கிறேன், அமெரிக்கா வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஒஹாயோவின் கொலம்பஸில் நீங்கள் இருந்த நாட்களைப் பற்றி எழுதியபோது கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் பற்றியும் நாலு வரி எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

என் மகள் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 2025 டிசம்பர் 7 ஞாயிறு மதியம், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கான பன்னிரண்டு அணிகளை அறிவித்தார்கள். நோட்டர் டேம் இல்லை. அவள் ஃபோனில் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. முந்தின செவ்வாய்க்கிழமை கமிட்டி வெளியிட்ட தரவரிசைப் பட்டியலில் நோட்டர் டேம் பத்து, மயாமி பன்னிரண்டு. அந்த வாரக் கடைசியில் இரண்டு அணிகளுக்கும் ஆட்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மயாமி பத்து, நோட்டர் டேம் பதினொன்று. ஆடாமலே தோற்க முடியுமா? ஆனால் இருபதாவது இடத்தில் இருந்த துலேனுக்கும் இருபத்து நாலில் இருந்த ஜேம்ஸ் மாடிசனுக்கும் இடம் கிடைத்தது. இதற்குப் பேசாமல் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாம் அல்லவா? நீங்கள் யார் பக்கம்?

முரளி

அன்புள்ள முரளி,

நான் மயாமி பக்கம். உங்கள் மகளிடம் இந்தப் பதிலை இப்போதைக்குக் காட்ட வேண்டாம்.

காரணம் எளிது. 2025 ஆகஸ்ட் 31 அன்று, சீசனின் முதல் வாரத்தில், இரண்டு அணிகளும் மயாமியில் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில் மயாமியின் கிக்கர் 47 கஜத்திலிருந்து அடித்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 27-24. சீசன் முடிவில் இரண்டு அணிகளுக்கும் பத்து வெற்றி, இரண்டு தோல்வி. கணக்கு சமமாக இருக்கும்போது இரண்டு பேரும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டம் ஒன்று கையில் இருந்தால், அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் உங்கள் மகளின் கோபம் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பு சரி. தீர்ப்புக்கு வந்த வழிதான் கோணல். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதே கோணலை இவர்கள் பதினோரு வருடமாக வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒன்று. 2025இல் மேல்மட்டப் பிரிவில் மட்டும் 136 கல்லூரிகள். ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டம். அதனால் பெரும்பாலான அணிகள் ஒன்றை ஒன்று சந்திப்பதே இல்லை. கிரிக்கெட்டில் இருப்பது போலப் புள்ளிப்பட்டியலும் நெட் ரன் ரேட்டும் பார்த்து மேலிருந்து நாலு பேர் என்று கோடு போட முடியாது. அதனால் டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கிரேப்வைன் என்ற ஊரில், ஒரு பெரிய ஹோட்டலில், பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கமிட்டி உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறது. பஞ்சாயத்துதான். வீடியோவும் புள்ளிவிவரமும் உள்ள பஞ்சாயத்து.

பஞ்சாயத்தில் தப்பில்லை. எதை விசாரிக்கிறோம் என்பதை அவர்கள் இன்றுவரை முடிவு செய்யவில்லை என்பதுதான் என் புகார். பலமான அணியைத் தேடுகிறார்களா, ஜெயித்துச் சம்பாதித்த அணியைத் தேடுகிறார்களா? இரண்டும் ஒன்றல்ல. பலமான அணி என்றால் நாளைக்கு ஆடினால் யார் ஜெயிப்பார் என்ற ஊகம். சம்பாதித்த அணி என்றால் இதுவரை என்ன நடந்தது என்ற கணக்கு. பெரும்பாலான வருடங்களில் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. 2023இல் வரவில்லை.

அந்த நவம்பர் 18ஆம் தேதி ஃபுளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ், நார்த் அலபாமா என்ற சின்ன அணிக்கு எதிராக முதல் காற்பகுதியில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். இடது கால் அவர் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வண்டியில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோனார்கள். அந்த அணி அடங்கிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டாவது குவார்ட்டர்பேக்கை வைத்து ஃபுளோரிடா என்ற வேறு கல்லூரியை 24-15 என்று ஜெயித்தார்கள். அவருக்கும் தலையில் அடி. சரி, மூன்றாவது ஆள், முதல் வருடத்துப் பையன். அவனை வைத்துக்கொண்டு கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) இறுதியில் லூயிவில்லை 16-6. பார்க்க அழகான ஆட்டம் இல்லை. தடுப்பாட்டக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவந்த வெற்றி. 13 ஆட்டம், 13 வெற்றி.

அப்போது நாலே இடம். மிச்சிகன், வாஷிங்டன், டெக்ஸஸ், அலபாமா. ஒரு தோல்வி உள்ள அலபாமா உள்ளே, தோல்வியே இல்லாத ஃபுளோரிடா ஸ்டேட் வெளியே. டிராவிஸ் இல்லாமல் இது வேறு அணி என்பது கமிட்டியின் விளக்கம். பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றைத் தோல்வியில்லாமல் ஜெயித்த அணி வெளியே நின்றது நாலு அணிக் காலத்தில் அதுவே முதல் தடவை. சீசனில் இன்னும் முன்னாலேயே என் கால் உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக் மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்ற பொருளில் டிராவிஸ் அன்று எழுதினார். இருபத்து மூன்று வயதுப் பையனை அப்படி எழுதவைத்த முடிவு எந்த விதியின்படியும் சரியாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு ஆரஞ்சு பௌல் என்ற, பிளேஆஃபில் சேராத சீசன் முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்களே, கமிட்டி சொன்னது சரிதானே என்பார்கள். முக்கியமான ஆட்டக்காரர்கள் பலர் அந்த ஆட்டத்துக்கு வரவே இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் சொன்ன தீர்ப்புக்கு நியாயம் தேடக் கூடாது. இது எனக்கும் பொருந்தும். மயாமி பத்தாவதாக உள்ளே வந்து டெக்ஸஸ் ஏ அண்ட் எம், ஒஹாயோ ஸ்டேட், ஓல் மிஸ் மூன்றையும் ஜெயித்து இறுதி ஆட்டம் வரை போனது. ‘பார்த்தீர்களா’ என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். சொல்ல மாட்டேன். முதல் சுற்றிலேயே மயாமி உதை வாங்கியிருந்தாலும் டிசம்பர் 7 அன்று அந்த இடம் அவர்களுடையதுதான்.

குவார்ட்டர்பேக் இல்லாத அணியைப் பற்றி ஊகம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2014 ஒன்றே போதும். நான் அப்போது கொலம்பஸில் இருந்தேன். ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் அதே நிலைமை: இரண்டு குவார்ட்டர்பேக்குகள் காலி, மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ். கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று அடித்தார்கள். நண்பர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பது புள்ளி தாண்டியதும் அவர் மனைவி, ‘போதும், பாவம்’ என்று டிவியை அணைக்கச் சொன்னார். மறுநாள் ஐந்தாவது இடத்திலிருந்து நாலாவது இடத்துக்கு ஏறி உள்ளே போனார்கள். மூன்றாவது ஆளை வைத்தே கோப்பையும் வாங்கினார்கள். அன்று அடித்தது 59 என்பதால் உள்ளே, ஒன்பது வருடம் கழித்து அடித்தது 16தான் என்பதால் வெளியே. எவ்வளவு அழகாக ஜெயித்தாய் என்பது எப்போது விதியானது?

அதே 2014இல் இன்னொன்றும் நடந்தது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில்தான் இருக்கிறது. டி.சி.யூ. என்ற அணியை பேய்லர் என்ற அணி 61-58 என்று ஜெயித்திருந்தது. இரண்டுக்கும் 11 வெற்றி, ஒரு தோல்வி. ஆனாலும் கடைசிக்கு முந்தின பட்டியலில் டி.சி.யூ. மூன்று, பேய்லர் ஆறு. கடைசி சனிக்கிழமை டி.சி.யூ. 55-3 என்று ஜெயிக்கிறது. மறுநாள் ஆறாவது இடத்துக்கு விழுகிறது, பேய்லர் ஐந்து. ஐம்பத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்து மூன்று படி இறங்கிய அணியின் ரசிகர்களைவிட உங்கள் மகள் பரவாயில்லை.

இப்போது 2025க்கு வருவோம். கமிட்டி எல்லா அணிகளையும் ஒரே மூச்சில் வரிசைப்படுத்துவதில்லை. சின்னச் சின்னக் கொத்தாக எடுத்து ஒப்பிடுகிறது. நேருக்கு நேர் ஆட்டம் என்பது சமமான அணிகளை ஒப்பிடும்போது பார்க்கவேண்டிய பல விஷயங்களில் ஒன்று மட்டுமே. நவம்பர் 4 அன்று வந்த முதல் பட்டியலில் நோட்டர் டேம் பத்து, மயாமி பதினெட்டு. மயாமி தோற்றது கடைசிப் பட்டியலில் இல்லாத லூயிவில்லிடமும் எஸ்.எம்.யூ.விடமும். நோட்டர் டேம் தோற்றது மயாமியிடம் மூன்று புள்ளியிலும் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மிடம் ஒரு புள்ளியிலும். அந்த ஒரு புள்ளியும் எப்படிப் போனது? டச்டவுன் அடித்த பிறகு உதைக்கவேண்டிய கூடுதல் புள்ளியில், பந்தை நிறுத்திப் பிடிக்கவேண்டியவர் கையிலிருந்து அது நழுவிவிட்டது. 41-40. அப்புறம் வரிசையாகப் பத்து வெற்றி, ஒவ்வொன்றும் பத்து புள்ளிக்குக் குறையாமல். ஆக நவம்பர் முழுக்க கமிட்டி பலம் பார்த்துக்கொண்டிருந்தது. பலத்தில் நோட்டர் டேம்தான் மேல், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மயாமி மெல்ல ஏறி பன்னிரண்டுக்கு வந்தது. பத்தில் நோட்டர் டேம், நடுவில் பதினொன்றில் பிரிகம் யங் பல்கலைக்கழகம். அந்தச் சனிக்கிழமை கான்ஃபரன்ஸ் இறுதியில் பிரிகம் யங் டெக்ஸஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றுக் கீழே இறங்கியது. நடுவில் இருந்த சுவர் விழுந்தது. மயாமியும் நோட்டர் டேமும் பக்கத்துப் பக்கத்து வீடாயின. உடனே ஆகஸ்ட் 31 ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கமிட்டித் தலைவர் ஹண்டர் யூராசெக் கிட்டத்தட்ட இதைத்தான் விளக்கமாகச் சொன்னார்.

அதாவது, மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்த ஆட்டம் டெக்ஸஸில் வேறு இரண்டு அணிகள் மோதிய பிறகுதான் செல்லுபடியானது. அது அநியாயம் இல்லை, அபத்தம். ஆகஸ்டில் கிடைத்த வெற்றி நவம்பர் 4 அன்று எவ்வளவு பெறுமோ அவ்வளவுதான் டிசம்பர் 7 அன்றும் பெறவேண்டும். ஐந்து செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சியில் பட்டியல் காட்டி, பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகளை ‘நாம் உள்ளே இருக்கிறோம்’ என்று நம்பவைத்துவிட்டு, ஆறாவது தடவை சட்டப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். அந்த ஐந்து பட்டியலும் விளம்பர நேரத்துக்காகத்தான். முதல் பட்டியலே கடைசிப் பட்டியலாக இருந்தால் உங்கள் மகள் வருத்தப்பட்டிருப்பாள், ஆனால் ஏமாந்திருக்க மாட்டாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீங்கள் கேட்காதது. அதே சனிக்கிழமை அலபாமாவும் தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்றது. அது மூன்றாவது தோல்வி. ஒன்பதாவது இடத்திலிருந்து ஒரு படிகூட இறங்கவில்லை. கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்றதற்காக பிரிகம் யங்குக்குத் தண்டனை, அலபாமாவுக்கு மன்னிப்பு. நோட்டர் டேம்காரர்கள் மயாமியைத் திட்டுவதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் நானும் கூட நின்று கத்தியிருப்பேன்.

கம்ப்யூட்டர்? அதையும் பார்த்தாயிற்று. 1998 முதல் 2013 வரை வாக்கெடுப்புகளையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்துதான் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அணிகளை எடுத்தார்கள். 2003இல் பத்திரிகையாளர்கள், கோச்சுகள் இரண்டு வாக்கெடுப்பிலும் முதலிடம் யு.எஸ்.சி. என்ற கல்லூரி. கம்ப்யூட்டர் கலந்த கணக்கில் மூன்றாமிடம். கான்ஃபரன்ஸ் இறுதியில் 35-7 என்று உதை வாங்கிய ஓக்லஹாமா ஆடப் போனது. எல்.எஸ்.யூ. ஜெயித்தது, பத்திரிகையாளர்கள் பிடிவாதமாக யு.எஸ்.சி.க்கே பட்டம் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு இரண்டு சாம்பியன். கம்ப்யூட்டரிடம் கேள்வியைச் சரியாகக் கேட்கவேண்டும் அல்லவா, அங்கேயும் இதே குழப்பம்தான்.

துலேன், ஜேம்ஸ் மாடிசன் விஷயத்தில் மட்டும் உங்களோடு சண்டைக்கு வருவேன். கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் மேலிருந்து ஐந்து பேருக்கு இடம் என்பது 2025 சீசனுக்கு முன்னாலேயே எழுதிவைத்த விதி. ஏ.சி.சி. என்ற பெரிய கான்ஃபரன்ஸில் ஐந்து தோல்வியோடு டியூக் சாம்பியன் ஆனதால் அந்த இடம் ஜேம்ஸ் மாடிசனுக்கு வந்தது. இரண்டு சின்னக் கல்லூரிகளும் முதல் சுற்றிலேயே தோற்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2017இல் சின்னக் கான்ஃபரன்ஸ் ஒன்றிலிருந்த யு.சி.எஃப். ஒரு ஆட்டமும் தோற்காமல் இருந்தபோது கமிட்டி அதற்குக் கொடுத்தது பன்னிரண்டாவது இடம். புத்தாண்டன்று ஆபர்னை ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் ஆடிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் அந்த சீசனில் ஜெயித்திருந்த ஆபர்ன். அவர்களுக்கு ஒரு கதவுகூட இல்லை. இன்றைக்கு இருக்கும் கதவை, பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இடம் போதவில்லை என்று மூடச் சொல்லாதீர்கள்.

பெரிய வீடு என்று சொன்னது கேலிக்கு இல்லை. நோட்டர் டேம் ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத ஒண்டிக்கட்டை. 1991 முதல் என்.பி.சி.யோடு தனி ஒப்பந்தம். அந்தச் சுதந்திரத்துக்கு விலை, கடைசி சனிக்கிழமை ஆடி நிரூபிக்க ஒரு இறுதி ஆட்டம் இல்லாதது. வீட்டில் உட்கார்ந்து பிறர் ஆட்டத்தைப் பார்க்கவேண்டியதுதான். பிறகு வேறு எந்த பௌல் ஆட்டமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நாலாம் வருடத்துப் பையன்களுக்கு இன்னொரு ஆட்டம் கிடைத்திருக்கும்.

2026 சீசன் முதல் நோட்டர் டேம் முதல் பன்னிரண்டுக்குள் வந்தாலே இடம் நிச்சயம் என்று ஒப்பந்தம் இருக்கிறது. அந்த விதி ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் பதினோராவது இடமே போதுமாக இருந்திருக்கும். அப்போது பதிலுக்கு யாராவது மயாமியிலிருந்து எனக்குக் கடிதம் எழுதியிருப்பார்.

2026 சீசனில் மயாமி, நோட்டர் டேமின் ஊரான சவுத் பெண்டுக்கு ஆட வருகிறது. மகளை ஒரு டிக்கெட் கூடுதலாக வாங்கச் சொல்லுங்கள். என் ஊகத்தில் நோட்டர் டேம் ஜெயிக்கும்.

அன்புடன்.