48 டிகிரிய விட உங்க முதுகு ஸ்க்ரூதான் எனக்கு முக்கியமா படுது

கேள்வி: எனக்கு 64 வயசு. இடது பக்க இடுப்பு மூட்டு மாத்தி ஆறு வாரம் ஆகுது, பின்பக்கமா கீறித்தான் பண்ணாங்க. எக்ஸ்ரே ரிப்போர்ட்ல கப் 48 டிகிரின்னு இருக்கு, நெட்ல பார்த்தா 40தான் கரெக்ட்னு போட்டிருக்கு. சோஃபால இருந்து எழுந்தா டிக்குனு ஒரு சத்தம் வருது, வலி இல்ல. 5 வருஷம் முன்னாடி முதுகுலயும் ஸ்க்ரூ வச்சு ஆபரேஷன் ஆச்சு. மூட்டு கழண்டுடுமா டாக்டர், திரும்ப ஆபரேஷன் பண்ணணுமா?

பதில்: அம்மா, அந்த 48ஐ நினைச்சு தூக்கத்த கெடுத்துக்காதீங்க. நீங்க பார்த்த 40 எங்க இருந்து வந்ததுன்னா, 1978ல லெவினெக்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் எழுதினது, கப்போட, அதாவது இடுப்பு எலும்புல பதிச்ச கிண்ணத்தோட சாய்வு 40 டிகிரி, கூட குறைய 10 இருக்கலாம், முன்பக்கமா திரும்பியிருக்கிறது 15, அதுலயும் கூட குறைய 10. அதாவது 30ல இருந்து 50 வரைக்கும் ஓகே, உங்களோடது அதுக்குள்ளதான் இருக்கு. ஆனா அந்த எல்லைக்குள்ள இருந்தும் கழலுற மூட்டு நிறைய உண்டு, அதனால நம்பர் சரியா இருக்குன்னு சொல்லி உங்கள அனுப்பிட எனக்கு மனசு வரல.

நீங்க கடைசில போற போக்குல சொன்னீங்களே முதுகு ஸ்க்ரூ, எனக்கு அதுதான் பெரிய விஷயம். கப்ப அளந்த எக்ஸ்ரே பெரும்பாலும் படுக்க வச்சு எடுத்ததா இருக்கும், ஆனா நீங்க நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்துட்டு இருக்கீங்க. சாதாரணமா ஒருத்தர் நின்னுட்டு உட்காரும்போது இடுப்பு எலும்பு சுமார் 20 டிகிரி பின்னாடி சாயும், கூடவே கப்போட வாயும் முன்பக்கமா திறந்து கொடுக்கும், தொடை எலும்பு மடங்கி வர இடம் கிடைக்கும். முதுக ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டா அந்த சாய்வு குறைஞ்சுடும், அப்போ அந்த மடங்குற வேலையையும் தொடையே பார்க்கணும், ரொம்ப மடங்கினா தொடை எலும்பு உச்சில வச்ச பந்துக்குக் கீழ இருக்கிற கழுத்து கப்போட முன் விளிம்புல போய் இடிச்சு, நெம்புகோல் மாதிரி பந்த பின்பக்கமா வெளிய தள்ளப் பார்க்கும். அதனாலதான் முதுகு இறுகினவங்களுக்கு கழலுற ரிஸ்க் கூட.

டிக் சத்தம் வலி இல்லாம வந்தா ஆரம்ப வாரங்கள்ல அது சகஜம், தசைநார் எலும்பு மேல வழுக்குறதா இருக்கலாம், இல்ல தசை இன்னும் பலமாகாததால பந்து லேசா விலகி திரும்ப தொடுறதா இருக்கலாம். வலியோட வந்தாலோ நழுவுற மாதிரி தோணினாலோ உடனே காட்டிடுங்க.

ஆனா அந்த சோஃபாவ இப்போதைக்கு விட்டுடுங்கம்மா. தாழ்வான சீட்ல முட்டி இடுப்ப விட மேல போயிடும், எழ முன்னாடி குனிவீங்க, அப்போ கால் உள்பக்கமா திரும்பிடுச்சுன்னா பின்பக்கமா கீறினவங்களுக்கு அதுதான் மோசமான பொசிஷன். உயரமான, கைப்பிடி வச்ச நாற்காலில ஆபரேஷன் பண்ண கால முன்னாடி நீட்டிட்டு உட்காருங்க, எழும்போதும் அப்படியே. கால் மேல கால் வேண்டாம், கீழ விழுந்தத எடுக்க குனிய வேண்டாம். பிசியோ சொல்லித் தர்ற பக்கவாட்டு தசை பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க, மூட்ட இழுத்துப் பிடிச்சு வைக்கிறதே அந்த தசைதான்.

திடீர்னு தாங்க முடியாத வலி வந்து, கால் குட்டையாகி உள்பக்கமா திரும்பி, ஊன முடியலன்னா அது கழண்டதுன்னே வச்சுக்கணும். வீட்டுல யாரையும் இழுத்துவிட விடாதீங்க, எதுவும் சாப்பிடாம குடிக்காம ஆம்புலன்ஸ்ல போங்க, பெரும்பாலும் மயக்கம் கொடுத்து கீறாமலே உள்ள போட்டுடுவாங்க. பாதம் மரத்துப் போனாலோ மேல தூக்க முடியலைன்னாலோ அத முதல்ல சொல்லுங்க, நரம்பு அழுந்தியிருக்கலாம்.

இப்ப கழலாத மூட்டுக்கு, வெறும் 48னு ஒரு நம்பருக்காக யாரும் திரும்ப ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. அடுத்த செக்கப்புக்கு போகும்போது முதுகு ஆபரேஷன் பேப்பரயும் கையோட எடுத்துட்டுப் போயி, நின்னுட்டும் உட்கார்ந்துட்டும் பக்கவாட்டுல எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமான்னு கேளுங்க, உள்ள வச்ச பந்து எத்தன மில்லிமீட்டர்னும் கேட்டு எழுதி வச்சுக்குங்க, 28ஐ விட 36 வெளிய வர்றதுக்கு கூடுதல் தூரம் நகரணும்.