ஜிக்சா துண்டுகளை மகளே வெட்டட்டும்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. டேப்லெட்டில் எப்போதும் ஜிக்சாதான். நடுநடுவே வரும் விளம்பரங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வரைந்த படங்களையே வீட்டு லேப்டாப்பில் ஜிக்சாவாக மாற்ற முடியுமா? கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஜிக்சா ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன். படத்தின் மேல் கோடு விழுகிறதே தவிர துண்டுகள் பிரியவில்லை. எனக்கு கோடிங் தெரியாது.

பதில்: அந்த ஃபில்டர் கோடு மட்டும்தான் போடும், வெட்டாது. வெட்டுவதை நாம்தான் செய்ய வேண்டும். குழந்தைக்குக் கொண்டாட்டமான வேலையும் அதுதான், அதனால் ஃபில்டரை விட்டுவிட்டு மகளிடமே கொடுங்கள். கிம்ப்பும், கட்டளைக் கட்டங்களை அடுக்கியே விளையாட்டு செய்ய உதவும் ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளும் போதும். இரண்டும் இலவசம். ஸ்க்ராட்சை லேப்டாப்பில் நிறுவிவிட்டால் இணையம்கூட வேண்டாம்.

முதலில் படம். வெள்ளைத் தாள் அப்படியே தெரிகிற ஓவியம் ஜிக்சாவுக்கு ஆகாது, பாதித் துண்டுகள் ஒன்றுபோலவே இருக்கும். ஓரம் வரை வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். வானம் முழுக்க ஒரே நீலமாக இல்லாமல் ஒரு பட்டமோ காக்கையோ இருந்தால் நல்லது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுங்கள்.

கிம்ப்பில் அதை 640 × 480 பிக்சல் அளவுக்குக் கொண்டுவாருங்கள். படத்தின் மேல் தாள் வைப்பதுபோல ஒரு வெள்ளை லேயர் சேர்த்து, அடியில் உள்ள படம் தெரியும்படி அதன் ஒபாசிட்டியை (அடர்த்தியை) குறையுங்கள். மகள் அதில் பென்சில் கருவியால், கறுப்பில், 3 பிக்சல் கனத்தில் வெட்டுக்கோடுகளைப் போடட்டும். பிரஷ் வேண்டாம், அதன் ஓரம் மங்கலாக விழும். ஒவ்வொரு கோடும் படத்தின் விளிம்பையோ இன்னொரு கோட்டையோ தொட்டே முடிய வேண்டும். துளி இடைவெளி இருந்தாலும், பிறகு துண்டைப் பிரிக்கும்போது பக்கத்துத் துண்டும் சேர்ந்து தேர்வாகிவிடும். முதல் தடவை 6 துண்டு போதும்.

கொக்கி வடிவம் வரவில்லையே என்று கவலை வேண்டாம். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியாகவே அறுத்து, பூகோளம் கற்க விற்றார். உங்கள் மகளின் கோடும் யானையின் முதுகோடு போகட்டும், மரத்தைச் சுற்றி வளையட்டும். எங்கே வெட்டினால் கண்டுபிடிக்கக் கஷ்டம் என்று அவள் யோசிக்க ஆரம்பிப்பாள். வாங்கிய ஜிக்சாவில் இந்த யோசனைக்கே இடமில்லை.

இனி துண்டைப் பிரிப்பது. வெள்ளை லேயரில் நின்று, ஒரே நிறப் பகுதியைத் தேர்வு செய்யும் ஃபஸ்ஸி செலக்ட் கருவியால் ஒரு துண்டின் உள்ளே கிளிக் செய்யுங்கள். செலக்ட் மெனுவில், தேர்வை விரிக்கும் குரோவுக்குப் போய் 2 பிக்சல் கொடுங்கள், கோட்டின் கனம் விட்ட இடைவெளி மூடிக்கொள்ளும். அப்புறம் ஓவிய லேயருக்கு மாறி, காப்பி செய்து, அதே இடத்தில் புது லேயராக ஒட்டுங்கள். மற்ற லேயர்களை மறைத்துவிட்டு பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இப்படியே. துண்டைச் சுற்றி வெறுமையாக இருக்கும் இடத்தை மட்டும் கத்தரித்துவிடாதீர்கள். ஒவ்வொரு கோப்பும் முழுப்பட அளவிலேயே இருந்தால், ஸ்க்ராட்சில் எல்லாத் துண்டுகளுக்கும் சரியான இடம் திரையின் நடுவான x 0, y 0 ஆகிவிடும். ஒரே ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) எல்லாவற்றுக்கும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஸ்கிரிப்டும் சின்னதுதான். துண்டுகளை ஸ்ப்ரைட்டுகளாக (திரையில் நகரும் உருவங்களாக) ஏற்றுங்கள். பச்சைக்கொடியை அழுத்தியதும் இழுக்கும் வசதி ஆன் ஆகி, x, y இரண்டும் -100 முதல் 100 வரை ஏதோ ஓர் இடத்துக்குத் துண்டு போக வேண்டும். பிறகு, திரும்பத் திரும்ப ஓடும் ஃபாரெவர் வளையத்துக்குள் ஒரே ஒரு நிபந்தனை: மவுஸ் அழுத்தப்படாமல் இருந்து, x, y இரண்டும் -10க்கும் 10க்கும் இடையில் இருந்தால், 0, 0-க்குப் போய், பின் லேயருக்கு இறங்கி, இழுக்கும் வசதி ஆஃப் ஆகி, ஒரு ஒலி எழுப்பி, அந்த ஸ்கிரிப்ட் நிற்க வேண்டும். ஒலியாக மகளின் குரலையே பதிவு செய்யுங்கள்.

விளையாடும்போது முழுத்திரைக்குப் போய்விடுங்கள். எடிட்டரில் இருந்தால், பொருந்திய துண்டும் கையோடு வந்துவிடும்.

ஓவியத்துக்குப் பதில் மகளின் போட்டோவை வைத்தால், ஸ்க்ராட்ச் தளத்தில் பகிர வேண்டாம், பகிர்ந்தது எல்லோருக்கும் தெரியும். தாத்தா பாட்டிக்கு அந்த ஸ்க்ராட்ச் கோப்பை மட்டும் அனுப்பினால் போதும். அவர்களுடைய கணினியிலும் ஸ்க்ராட்ச் இருந்தால் திறந்து விளையாடுவார்கள்.