ஆரி மணி வேலைக்கு ரா சில்க் தவிர வேறு துணிகள் சரிப்படுமா?

ஆரி வேலையில், அதாவது துணியைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டிக் கொக்கி ஊசியால் தைப்பதில், ரா சில்க்கை விட்டு வேறு துணிகளில் மணி வைத்துப் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரி வகுப்பை அண்மையில்தான் முடித்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். வகுப்பில் பழகிய துணியை விட்டு வெளியே வந்ததும் நானும் இதே இடத்தில்தான் தடுமாறினேன்.

என்னைக் கவிழ்த்தது ஜார்ஜெட். நாத்தனார் மகளின் வளைகாப்புக்காக, சேலையோடு வந்த ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் பறைத்தோல் போல இறுக்கிக் கட்டி, கழுத்தைச் சுற்றி கட் பீட்ஸ் என்னும் சிறு மணிகளை ஐந்து வரிசை வைத்தேன். நான்கு நாள் வேலை. சட்டத்தில் இருந்தவரை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அவிழ்த்ததும் கழுத்தோரம் முழுவதும் பொரித்த அப்பளமாய் நெளிந்துவிட்டது. ஜார்ஜெட் அதிக முறுக்கேற்றிய நூலால் நெய்யப்படுவதால் இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். மணி கோத்த நூலோ நீண்ட அளவிலேயே நின்றுவிடும். அவள் கடையில் வாங்கிய ரவிக்கையைத்தான் உடுத்தினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

மிஞ்சிய துணியில் மறுபடி முயன்றேன். இம்முறை, நனைத்து உலர்த்திய மெல்லிய பருத்தித் துணியான மல் துணியை மட்டும் சட்டத்தில் இறுக்கி, அதன்மேல் ஜார்ஜெட்டை இழுக்காமல் பரப்பி, ஓரங்களில் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டேன். மணியின் எடையைப் பருத்தி தாங்கியது, நெளியவில்லை. இரண்டு துணிகளில் ஊசி சிக்கும் என்று அனுபவசாலிகள் மறுக்கக்கூடும். தடித்த லைனிங்கில் சிக்கும்தான். மல் துணியில் எனக்குச் சிக்கவில்லை.

வெல்வெட்டில் 2 மில்லிமீட்டர் மணிகள் புசுபுசுப்புக்குள் புதைந்துவிடுகின்றன. பெரிய மணி வைப்பது நல்லது. நெட்டில் பின்புற நூல் முன்னால் தெரியும் என்பதால், துணியின் நிறத்திலேயே நூல் எடுக்க வேண்டும். சாட்டினில் ஆரி ஊசியின் கொக்கி இழையைப் பிடித்து இழுத்துவிடும். எனக்கு அதில் பொறுமை போதவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரா சில்க் என்று சொல்லி ஒரு கடையில் என்னிடம் பட்டின் விலை வாங்கினார்கள். வீட்டில் ஓரத்து இழையைக் கொளுத்தினால், பட்டைப் போல மயிர் கருகும் வாடையோடு பொடியாகாமல், உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது! வெட்டிய துணியைத் திரும்ப வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பாலியஸ்டரில் மணிகள் நன்றாகவே நின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் கோபம் விலையின் மீதுதான்.

உங்களிடம் உள்ள துணியில் ஒரு சாண் எடுத்து, முப்பது நாற்பது மணிகள் வைத்து, சட்டத்திலிருந்து அவிழ்த்து ஓர் இரவு கொடியில் தொங்கவிடுங்கள். காலையில் நெளிந்திருந்தால் அடியில் மல் துணி வைத்து மறுபடி தைத்துப் பாருங்கள்.