வால்வு சிவந்தால் வால்வை மட்டும் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: நான்கு இஎல்34 வால்வு (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) போட்ட ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். ஆன் செய்து பத்து நிமிடத்தில் ஒரு வால்வின் பிளேட் (உள்ளே கரண்ட் வந்து சேரும் தகடு) மட்டும் தணலாகச் சிவக்கிறது. வால்வுக்கு வயதாகிவிட்டதா?

பதில்: சிவப்பைக் கண்டதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வேடிக்கை பார்த்தால் வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். வயதான வால்வு பொதுவாகச் சோர்ந்துபோகும். அதில் ஓடும் கரண்ட் குறையும். சிவப்பதோ கரண்ட் கட்டுமீறி ஓடுவதால். வால்வுக்குள் வாயு சேர்ந்திருக்கலாம், அல்லது கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு) வரவேண்டிய நெகட்டிவ் வோல்டேஜான பயாஸ் நின்றுபோயிருக்கலாம்.

ஆறிய பிறகு அதே சேனலின் இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றுங்கள். சுவிட்சில் கை வைத்தபடியே ஆன் செய்து பாருங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு பழுது. பழைய சாக்கெட்டிலேயே நின்றால் கோளாறு சர்க்யூட்டில்.

அப்படியானால் முதல் சந்தேகம் கப்ளிங் கண்டென்சர் மேல். முந்தைய கட்டத்தின் டிசியைத் தடுத்து, சிக்னலை மட்டும் கிரிட்டுக்கு விடுவது அது. அது லேசாகக் கசிந்தாலும் முந்தைய கட்டத்தின் டிசி வோல்டேஜ் கிரிட்டுக்கு வந்து பயாஸைத் தின்றுவிடும். பவர் வால்வுகளை (இஎல்34) கழற்றிவிட்டு, செட்டை ஆன் செய்து, சாக்கெட்டின் 5-ஆம் பின்னுக்கும் (அதுதான் கிரிட்) சேஸிஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஃபிக்ஸட் பயாஸ் செட்டில் (நெகட்டிவ் வோல்டேஜைத் தனியாகக் கொடுக்கும் வகை) எல்லா சாக்கெட்டிலும் ஏறக்குறைய ஒரே நெகட்டிவ் வோல்டேஜ் வரவேண்டும். பல செட்களில் அது மைனஸ் 35 வோல்ட் பக்கம் இருக்கும். கேத்தோடு பயாஸ் செட்டானால் (கரண்ட் புறப்படும் கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே பயாஸ் உண்டாக்கும் வகை) பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு சாக்கெட்டில் மட்டும் அளவு பாசிட்டிவ் பக்கம் நகர்ந்திருந்தால், செட்டை அணைத்து, அந்தக் கண்டென்சரின் கிரிட் பக்கக் காலைக் கழற்றி மறுபடி அளங்கள். வோல்டேஜ் சரியாகிவிட்டால் கண்டென்சர்தான் திருடன். அதே மதிப்பில், 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சராக நான்கையும் மாற்றுங்கள். மற்ற மூன்றுக்கும் அதே வயதுதானே. சரியாகாவிட்டால் பயாஸ் பிரீசெட்டையும் (பயாஸைத் திருகி வைக்கும் ரெசிஸ்டர்) கிரிட் ரெசிஸ்டரையும் பாருங்கள்.

கடைசியாகப் பயாஸ். இஎல்34 பிளேட்டின் உச்சவரம்பு 25 வாட். அதில் 70 சதவீதத்தில், அதாவது 17.5 வாட்டில் வையுங்கள். பிளேட்டில் 430 வோல்ட் இருந்தால் ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் 40 மில்லி வோல்ட். (இதில் ஸ்கிரீன் எனும் இரண்டாவது கிரிட்டின் கரண்டும் சேர்ந்திருப்பதால் பிளேட்டுக்கு இன்னும் சற்றுக் குறைவுதான், நல்லதே.)

எச்சரிக்கை: பிளக்கை உருவிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகே உள்ளே கை வையுங்கள். மீட்டர் பழக்கமில்லாதவர் இந்தச் சோதனையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

கேள்வி: இடது ஸ்பீக்கரில் மட்டும் ஓயாத கரகரப்பு.

பதில்: செட்டை அணைத்து, இடது, வலது 12ஏஎக்ஸ்7 வால்வுகளை (முன்கட்டத்தின் சிறிய வால்வுகள்) இடம் மாற்றுங்கள். கரகரப்பு வலப்பக்கம் போனால் வால்வை மாற்றினால் போதும். போகாவிட்டால் புது வால்வுக்குச் செலவழிக்காதீர்கள். சாக்கெட்டில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, வால்வை நான்கைந்து முறை செருகி எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளேட் ரெசிஸ்டர், பெரும்பாலும் 100 கிலோ ஓம் பழைய கார்பன் வகை, கெட்டிருக்கும். பென்சிலால் லேசாகத் தட்டும்போது மணிபோல் ஒலிக்கும் வால்வு மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வைச் சத்தமாக்குவது. அதை முதல் கட்டத்தில் வைக்கக்கூடாது. சோதனை செய்கிறேன் என்று ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பாட்டு ஓட்டாதீர்கள்.

கேள்வி: வால்வுக்குள் நீல ஒளி தெரிகிறது. பயமா?

பதில்: கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டித் தெரியும் நீலம் ஒன்றும் செய்யாது. மின்முனைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் புகைபோல் தெரிந்தால் வாயு, மாற்றுங்கள். உச்சியின் வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது, ஆன் செய்யவே வேண்டாம்.

கேள்வி: வால்வுகள் அடிக்கடி தேய்கின்றன. வீட்டில் 240 வோல்ட் வருகிறது.

பதில்: பவர் டிரான்ஸ்ஃபார்மரில் எந்த டேப்பில் (வோல்டேஜுக்கேற்ற இணைப்பு முனையில்) கட்டியிருக்கிறது என்று பாருங்கள். 220 டேப்பில் 240 கொடுத்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.87 போகும். கேத்தோடின் பூச்சு சீக்கிரம் ஆவியாகிவிடும். 240 டேப் இருந்தால் அதற்கு மாற்றி, பிறகு பயாஸை மறுபடி அளந்து வையுங்கள்.